ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்பூன்

இன்று மதியம், ஸ்ரீரங்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. என் எதிர் நாற்காலியில் சீருடையோடு ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்தார்.

பரிமாறுபவர் அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார்: "சைனாக்காரங்க வந்திருக்காங்க, ஒரு ஸ்பூன் கொண்டாங்க!"

டெல்லியில் வேலை பார்த்த பதினெட்டு வருடமும் எனக்குப் பெயரே "மதராஸி"தான். திருச்சி என்று எத்தனை முறை சொன்னாலும் மேலதிகாரி காதில் ஏறாது. அந்த ஆத்திரமெல்லாம் இன்று வெளியே வந்தது.

"ஏங்க, மூஞ்சியப் பாத்தே நாட்டைச் சொல்லிடுவீங்களா? வாயத் தொறந்து கேக்க மாட்டீங்களா?"

கடையே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண் இலையில் தண்ணீர் தெளித்தபடி தமிழிலேயே சொன்னார்: "மணிப்பூருங்கண்ணா. எங்க ஊர்லயும் விருந்துன்னா வாழை இலைதான், கையாலதான். சாம்பார் ஊத்துங்க."

பரிமாறுபவர் ஸ்பூனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டெல்லிக்கே பதில் சொல்லிவிட்டதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கை கழுவும்போது அந்த நர்ஸ் கேட்டார்: "அண்ணா ஸ்ரீரங்கம்தானே? ஐயங்காரா?"

"இல்லம்மா, திருச்சி டவுன்ல தென்னூர். ராவுத்தர் வீடு."

நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார். நானும்தான்.

தப்பாகத்தான் நினைத்தார். ஆனால் கேட்டார். டெல்லியில் பதினெட்டு வருடத்தில் ஒருவர்கூட எந்த ஊர் என்று கேட்டதில்லை. உங்களை யாராவது கேட்டிருக்கிறார்களா?