மாவுக்கட்டு போட்ட நாற்பது நாள்

ஈர மாவுக்கட்டு காயும்போது சுண்ணாம்பும் பழந்துணியும் கலந்தாற்போல ஒரு வாசனை வரும்; மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாசனை, எனக்கு, அம்மா பகலிலும் வீட்டில் இருந்த நாட்களின் வாசனை. திருநெல்வேலிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த நாள் முதலாய், விடிந்ததும் பனியன் கம்பெனிக்குக் கிளம்பி விளக்கு வைத்த பிறகே திரும்புகிற அம்மா, நான் ஆறாம் வகுப்பு படித்தபோது வலது கை ஒடிந்து நாற்பது நாள் வீட்டோடு இருந்தாள். ஒடியக் காரணம் நான்தான்.

பிசிறு வெட்ட வீட்டுக்குக் கொண்டுவரும் பனியன் 'பீஸ்' மூட்டையைக் காலையில் அவள் சைக்கிள் கேரியரில் கட்டுவது என் வேலை. அன்று கயிற்றைத் தேடச் சோம்பல்பட்டு, எங்கள் தெருவில் துணிக்கொடி முதல் கதவு வரை எல்லாவற்றையும் கட்ட உதவும், கம்பெனிக் கழிவு ஜட்டி எலாஸ்டிக்கையே சுற்றிவிட்டேன். கட்டும்போது விறைப்பாகத்தான் இருக்கும், வண்டி நாலு குழியில் குதித்தால் தளர்ந்து தொங்கிவிடும். தெருமுனை இறக்கத்தில் அது பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, அம்மா கை மடங்கி விழுந்தாள். பின்னால் மொபெட்டில் வந்த பொங்கலூர்ப் பால்காரர் அவள்மேல் ஏற்றிவிடாமல் திருப்பியதில் தானும் விழுந்தார். கேன் பால் பூராவும் ரோட்டில் ஓடியது.

எங்கள் ரோட்டுச் சட்டம் சுருக்கமானது: எது பெரிய வண்டியோ அதன்மேல்தான் தப்பு. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, "ஏனுங்க, முன்னால பொம்பள போறது தெரியலீங்களா?" என்று கூட்டம் அவரைச் சூழ்ந்திருந்தது. "நான் இடிக்கலீங்க" என்று ஒரே ஒரு தரம் சொன்னவர், அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தார். மறுநாள் முதல் தினமும் காசு வாங்காமல் அரை லிட்டர் பாலும் ஊற்றினார்.

அம்மா இடது கையால் எனக்குத் தலை வாரிவிட்டாள். வகிடு கோணல்மாணலாக வரும். வகுப்பில் சிரித்தார்கள், நான் திருத்திக்கொள்ளவில்லை. எலும்பு மெதுவாகக் கூடட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். ஆனால் அந்தப் பாலை மட்டும் நான் குடிக்காமல் தள்ளி வைத்தேன்.

ஒருநாள் வாசலில் வைத்து, "அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. எலாஸ்டிக் கெட்டுனது நாந்தான்" என்றேன்.

"தெரியுங் கண்ணு. சக்கரத்துல சிக்குனத அறுத்துப் பையில போட்டவனே நாந்தானே" என்றார், பாலை ஊற்றிக்கொண்டே. "அதைக் காட்டியிருந்தா கூட்டம் உங்கம்மாளத்தான் வைஞ்சிருக்கும். கையொடிஞ்சு கெடக்கறவங்கள வையலாமா?"

அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கட்டுப் பிரித்து மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலையில், அவளே கேரியரில் மூட்டையை வைத்துவிட்டு என் கையில் கயிற்றைக் கொடுத்தாள்.

"ஏட்டி, இந்தத் தடவை இதை வச்சுக் கெட்டு."

எப்போது தெரிந்ததென்று நான் கேட்கவில்லை. கட்டி முடித்ததை இழுத்துக்கூடப் பார்க்காமல் ஏறி மிதித்துப் போனாள்.

இப்போது அந்த இறக்கத்தில் கேமரா இருக்கிறது. யாராவது விழுந்தால் முதலில் செல்போனை நீட்டுகிறார்கள், அடுத்து இன்சூரன்ஸைக் கேட்கிறார்கள். யார் தப்பு என்பது உடனே தெரிந்துவிடுகிறது. நியாயம்தான். அன்று அந்தக் கேமரா இருந்திருந்தால் என் முடிச்சு அம்பலமாகியிருக்கும், பாலும் வந்திருக்காது.

அம்மா போய் மூன்று வருஷமாகிறது. சில காலைகளில் கண்ணாடி முன் நின்று இடது கையால் வகிடு எடுத்துப் பார்க்கிறேன். அவள் எடுத்த மாதிரி கோணலாக வருவதில்லை.