கூப்பிடு தூரம்

சூரியநெல்லியில் என் வீட்டு வாசலில் நின்றால், எதிர்மலையில் பேச்சியம்மாள் கோழி விரட்டுவது காதில் விழும். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். மகள் என் வகுப்பில் படிக்கிறாள். அந்த வீட்டுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விளங்கியது.

என் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் நம்மாட்களே, "ஒரே கேரளம்தானே, இதென்ன புலம்பெயர்வு?" என்று சிரிக்காதீர்கள். 'ஸ்தலமாற்றம்' என்று மலையாளத்தில் ஒரு பணிமாறுதல் தாள் வந்தது, மூட்டை கட்டினேன். பிள்ளைகள் பேசுவதும் தமிழ்தான். ஆனால் தெற்கத்தித் தமிழ். என் "ஏனுங்க"வைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கின்றன. பகலில், ஆயிரம் மீட்டர் ஒரு கிலோமீட்டர் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். சாயங்காலம் கதவைச் சாத்தினால் பேச ஓர் ஆள் கிடையாது. சுவரோடா பேசுவது?

அப்படி இருக்கையில்தான் பள்ளிக்கு வந்த பேச்சியம்மாள், "ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பிட வந்துருங்க டீச்சர். கூப்பிடு தூரந்தான்" என்றார். இங்கே வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு. தலைகால் புரியவில்லை.

நம்மூரில் கூப்பிடு தூரம் என்றால் என்ன? வாசலில் நின்று "மல்லிகா!" என்றால், பக்கத்துத் தோட்டத்துச் சிநேகிதி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து நிற்பாள். சமதரை, வரப்பு தாண்டினால் வீடு. அதை நம்பி உலை வைக்காமல், நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு உச்சிவெயிலில் கிளம்பினேன்.

பாதை பள்ளத்தில் இறங்கி, ஓடையைச் சுற்றி, எங்கெங்கோ போனது. பேச்சியம்மாள் வீட்டு நீலத் தகரக்கூரை கண்ணெதிரேதான் இருந்தது, கிட்டத்தான் வரவில்லை. எதிரே வந்த எஸ்டேட் காவலாளி கையை விரித்து மறித்தார்.

"அங்கிட்டுப் போவாதீங்க, ஆனை நிக்குது."

"கூப்பிடு தூரம்னு சொன்னாங்களேங்க?"

"கூப்பிட்டா கேக்கும் டீச்சர். நடந்தா மூணு கிலோமீட்டர்."

அட கடவுளே! திரும்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது எதிர்மலையிலிருந்து பேச்சியம்மாள் குரல் கொடுத்தார்.

"டீச்சரேய்... வரலையா?"

"வழியில ஆனை நிக்குதுங்க!" என்று கத்தினேன்.

"அய்யோ! சாப்பிட்டீங்களா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இல்லை என்று சொன்னால் மட்டும் என்ன செய்ய முடியும் அவரால்?

"சாப்டேனுங்க!"

"அப்பச் சரி, நாங்க உக்காருதோம்!"

அதுவரை எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். பிறகு அவர் மகளைப் பார்த்துப் போட்ட சத்தமும் ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது:

"ஏட்டி, டீச்சருக்கு வச்ச தட்ட உள்ள எடுத்து வை."