விழுந்தவர்களை எழுப்பும் மாமா

எங்கள் டீமில் மாமாவைச் சேர்த்தது யார் என்று கேட்டால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நான் சேர்க்கவில்லை. அதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

அப்போது நான் நகரியில் ஏழாம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறையில் இருந்தேன். திருப்பதியில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த பெரியம்மா மகள், என் அக்கா, அம்மாவின் போனில் ஒரு விளையாட்டை இறக்கிக் கொடுத்தாள். நமக்கென்று ஒரு ஆளை உருவாக்கி, காடு மலையெல்லாம் சுற்றி, பூதங்களை வெட்டிப் பலம் ஏற்றிக்கொள்ள வேண்டும். பூதங்கள் எனக்குச் சீக்கிரமே சலித்துவிட்டன. என் உயிர் முழுக்க அதிலிருந்த அணிச்சண்டையில்தான் கிடந்தது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். எதிரில் வருவது பூதமல்ல. நம்மைப் போலவே எங்கோ உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். மைதானத்தின் நடுவில் ஒரு கல்மேடை இருக்கும். அதன்மேல் நம் ஆட்கள் நிற்கும்வரை நமக்குப் புள்ளி ஏறும். நேரம் முடியும்போது யாருக்குப் புள்ளி அதிகமோ அவர்களுக்கு வெற்றி.

அக்கா கேடயத்தோடு மேடையில் நின்று அடி வாங்குவாள். அவளுடன் படித்த தெலுங்குப் பையன்கள் இருவர் தூரத்திலிருந்து அம்பும் நெருப்பும் விடுவார்கள். நான் இரட்டை வாள்காரி. ஐந்தாவதாக ஒரு ஹீலர் வேண்டும். அடிபடுகிறவர்களுக்கு மந்திரம் போட்டு உயிர் ஏற்றுவது ஹீலரின் வேலை. ஒருவரையும் வெட்ட முடியாது, பெயரும் கிடைக்காது. யார் வருவார்கள்? விசைத்தறி ஷெட்டில் வேலை செய்த எங்கள் தாய்மாமா வந்தார். நீளமான பின்னலும் வெள்ளைப் பாவாடையுமாக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு அதுதான் முதலில் வந்தது என்றார்.

இந்த விளையாட்டில் உயிர் தீர்ந்து விழுந்தவர் கொஞ்ச நேரத்தில் தானாகவே சொந்த முகாமில் எழுந்து ஓடிவருவார். ஹீலர் நினைத்தால் விழுந்த இடத்திலேயே எழுப்பலாம்தான். ஆனால் பக்கத்தில் போய் நின்று நீண்ட மந்திரம் ஓத வேண்டும். ஓதி முடிகிறவரை வேறு யாருக்கும் உயிர் ஏற்ற முடியாது. ஆகவே சண்டை நடக்கும்போது விழுந்தவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, நிற்கிறவரைத்தான் காப்பாற்ற வேண்டும். ஹீலருக்கு இதுதான் அரிச்சுவடி.

மாமா வேறு அரிச்சுவடி படித்தவர். ஷெட்டில் ஆறு தறிகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வார். காது கிழியும் அந்தச் சத்தத்தில் ஓடுகிற தறி எதையும் அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நூல் அறுந்து ஏதாவதொரு தறி நின்றால் போதும், முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஓடிப்போய் நூலை முடிந்து ஓட்டிவிட்டுத்தான் மறுவேலை. விளையாட்டிலும் அதையே செய்தார். மேடையில் அக்கா மூன்று பேரிடம் ஒற்றையாக உதை வாங்கிக்கொண்டிருப்பாள். இந்த மனிதர் பாவாடையைத் தூக்கிக்கொண்டு எங்கோ மூலையில் விழுந்து கிடப்பவரைத் தேடிப் போய்க்கொண்டிருப்பார். காதில் மாட்டிய ஒயரில் அந்தப் பையன்கள், "ஹீலர் எக்கட? ஹீலர் எக்கட?" என்று அலறுவார்கள். ஹீலர் எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வது? பெரும்பாலும் என் பக்கத்தில்தான் நின்று மந்திரம் ஓதிக்கொண்டிருப்பார்.

ஏனென்றால் என் முறை தனி. மேடையில் முளை அடித்தாற்போல நிற்பது எனக்குப் பிடிக்காது. எதிரியின் முகாமுக்கே போய் நாலு வெட்டு வெட்டிவிட்டுத் திரும்புவேன் என்று கிளம்புவேன். என்ன காரணமோ, திரும்பி வர முடியாமல் போய்விடும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று பெரியவர்கள் சொன்னதை நான் சாப்பாட்டோடு சரி, படையில் கேட்டதில்லை.

மாமாவுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். சாணித்தாளில் படம் போட்டே காட்டினேன். செவிடன் காதில் சங்கு ஊதியதுதான் மிச்சம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"ஓடிக்கினு கீறத எதுக்குப் பாப்பா பாக்கணும்? அது பாட்டுக்கு ஓடும். நின்னுட்டதத்தான் பாக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டீ டம்ளரையே பிடுங்கி வைத்துவிடலாம் போலிருந்தது.

விடுமுறை பாதி முடிந்த சமயம் விளையாட்டில் அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி வந்தது. ஜெயித்தால் எங்கள் டீம் மேல்வரிசைக்கு ஏறும். தோற்றால் ஒரு ஆளை மாற்றியே தீருவேன் என்று அக்கா அறிவித்துவிட்டாள். அவளுடைய ஹாஸ்டலில் ஒரு பெண் இருந்தாள். வாளோ மந்திரமோ, எந்த வேலை கொடுத்தாலும் ஆடுவாளாம். யார் சீட்டு கிழியும் என்று எனக்குத் தெரியும். பாவம் என்றுகூட மாமாவை நினைத்தேன்.

அன்றைக்கு நகரியில் கரண்ட் இல்லாத நாள். ஷெட் ஓடவில்லை. மாமா குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நம்ப மாட்டீர்கள், ஆட்டம் நன்றாகப் போனது. மேடை எங்கள் வசம். மாமா அக்காவுக்குப் பின்னால் நின்று உயிர் ஏற்றிக்கொண்டே இருந்தார். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இந்த வெற்றியில் நானும் ஏதாவது செய்தேன் என்று இருக்க வேண்டாமா? எதிரி முகாமைப் பார்த்து ஓடினேன். விழுந்தேன்.

"மாமா, வராதே. அங்கியே நில்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் காதிலேயே கத்தினேன்.

"இரு பாப்பா, வந்துகினே கீறேன்" என்றார்.

வந்தார். ஓதினார். நான் எழுந்தேன். அதற்குள் மேடையில் அக்கா சாய்ந்தாள், பின்னாலேயே பையன்கள் இருவரும் சாய்ந்தார்கள். எதிரிகள் மேடையேறி மிச்ச நேரத்தில் எங்களைத் தாண்டிவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. நான் போனைப் பாயில் எறிந்துவிட்டு, இனிமேல் இந்த மாமாவோடு ஆடவே மாட்டேன் என்று அழுதேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து, ஷிஃப்ட் மாறிவிட்டது, சாயங்காலத்தில் இனி வர முடியாது என்று மாமா சொல்லியனுப்பினார். ஹாஸ்டல் பெண் ஹீலராக வந்தாள். நியாயம் கடைசியில் ஜெயித்தது என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

போன வருடம் திருப்பதியில் அக்காவின் கல்யாணம். பந்தியில் மாமா வாளியோடு சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தார். யார் இலை காலியாகிறதோ அங்கே ஓடினார். நான் பழைய கதையை எடுத்து, அன்றைக்கு உன்னால்தானே தோற்றோம் என்று அவரை வம்புக்கு இழுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டார். பக்கத்து இலையில் இருந்த மணப்பெண்தான் பொறுக்க முடியாமல் போட்டு உடைத்தாள். அன்றைக்கு அவள் டீமிலிருந்து எடுக்க நினைத்தது மாமாவை இல்லையாம், என்னையாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் டீமிலேயே அதிக தடவை விழுந்தவள் நான்தானாம். அதைச் சொல்லத்தான் மாமாவுக்குப் போன் போட்டாளாம். அவர் பதிலை அவள் அப்படியே சொல்லிக் காட்டினாள்:

"அவ இருக்கட்டும்மா. லீவுல அவளுக்கு வேற இன்னா கீது? நான் ஷிஃப்ட் மாறிடுச்சின்னு சொல்லிக்கிறேன்."

இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதையில் நான் இருந்த இடம் இதுவா? இலையில் சாம்பார் தீர்ந்திருந்தது. நான் கேட்கவில்லை, வாளியோடு அவர் வந்து ஊற்றிவிட்டுப் போனார்.

அந்தக் கோடையில் மாமாவின் இடத்துக்கு வந்த ஹாஸ்டல் பெண் விதி தவறாமல் ஆடினாள். மேடையை விட்டு ஒரு அடி நகரவில்லை. டீம் வரிசையாக ஜெயித்தது. நான் வழக்கம்போல எதிரி முகாமில் போய் விழுந்து, சாம்பல் நிறமாகிவிட்ட திரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெள்ளைப் பாவாடை எதுவும் என்னைத் தேடி வரவில்லை. ஜெயித்தும் இந்த ஆட்டம் ஏன் இப்படிச் சப்பென்று இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. புது அப்டேட்டில் எதையோ கெடுத்துவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.