வலைக்குள் ஒளித்த கசெற்

பழைய பிரித்தானியக் கறுப்பு வெள்ளைப் படங்கள் என்றால் எனக்கு உயிர். லண்டனில் இருக்கும் என் அக்கா பழைய சாமான் கடைகளில் தேடி வீடியோ கசெற்றுகளாக அனுப்புவார். இந்தப் பக்கத்தில் அவற்றை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்ற பெருமை, தாழ்வுபாட்டு ஊரைச் சேர்ந்த யூட்டைச் சந்திக்கும்வரை இருந்தது.

அவன் தன்னிடமும் இருந்த அதேமாதிரிக் கசெற்றுகளைக் கணினியில் ஏற்றி, ஞாயிறு பூசை முடிந்ததும் ஊராருக்குப் போட்டுக் காட்டுவான். எல்லோரும் "யூட்டின்ட படம்" என்று பேசும்போது எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள், வெளிச்சவீட்டுக் காவலாளி ஒருவரைப் பற்றிய அரிய படத்தைத் தேடி வந்தான்.

"அண்ணை, உங்களிட்ட இருக்கோ?"

"இல்லை" என்றேன். இருந்தது. வீட்டில் வைத்தால் மனைவி எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்று, கடற்கரையில் மீன்பிடிச் சாமான் வைக்கும் எங்கள் வாடியில் வலைகளுக்குள் ஒளித்துவைத்தேன்.

நாலு மாதம் கழித்து எடுத்தால், நாடா முழுவதும் வெள்ளைப் பூஞ்சணம். அதைத் துடைத்தெடுக்கத் தெரிந்தவன் யூட் மட்டும்தான். வெட்கத்தோடு கொண்டுபோனேன். மூன்று நாள் இருந்து துடைத்தான். கடைசிப் பத்து நிமிடம் மீளவேயில்லை.

"அண்டைக்கே தந்திருந்தா முடிவும் மிஞ்சியிருக்கும், அண்ணை" என்றான்.

ஞாயிறன்று படம் முடிவில்லாமல் நின்றதும், "இது அண்ணையின்ட படம். மிச்சத்தை அவரே சொல்லுவார்" என்று என்னை எழுப்பிவிட்டான். ஒளிப்பதற்கு முன்பே பார்த்திருந்ததால் சொன்னேன். போகும்போது எல்லோரும் யூட்டுக்குத்தான் நன்றி சொன்னார்கள்.

என் பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கசெற் வந்த அன்றே அவனிடம் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பொறாமைப்படுகிறேன்.