செல்வி குடித்த கஷாயம்

போன திங்கட்கிழமை செல்வி ஸ்கூலுக்குப் போனாள். இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? இருக்கிறது!

செல்வி என் சித்தி மகள். பாறசாலையில் கணக்கு டீச்சர். கணவர் தங்கராஜுக்கு அங்கேயே பெயிண்ட் கடை. போன வருஷம் செல்வியின் கழுத்தில் ஒரு கட்டி... நிணநீர்ச் சுரப்பியில் கேன்சர் என்றார்கள். கீமோவுக்குத் திருவனந்தபுரம் போய்வர என் கார்தான்.

தங்கராஜுக்கு வாய்விட்டு அழத் தெரியாது. வாட்ஸ்அப் பார்க்கத் தெரியும். முள்சீத்தா இலை கேன்சரை அடியோடு அழிக்கும் என்று ஒரு வீடியோ வந்தது — அவ்வளவுதான்! பைக்கில் அம்பூரி மலைக்குப் போய்ச் சாக்கு நிறைய இலையோடு வந்தார். தினமும் காலையில் கஷாயம். செல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

அடுத்த கீமோவுக்குப் போனபோது ரத்தப் பரிசோதனையில் ஈரல் மோசம். இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது என்றார் டாக்டரம்மா.

"வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

தங்கராஜின் முகம் வெளுத்தது. செல்வி முந்திக்கொண்டாள்.

"ஒரு கஷாயம், டாக்டர். நானாக்கும் காய்ச்சிக் குடிச்சேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

"அவ பொய் சொல்லுதா டாக்டர்!" தங்கராஜின் குரல் உடைந்தது. "நானாக்கும் குடுத்தேன். அவளுக்கு ஒண்ணும் ஆயிராதே?"

டாக்டரம்மா திட்டவில்லை. "இவங்களுக்கு ஏத்துற மருந்துல ஒண்ணு நித்தியகல்யாணிச் செடியில இருந்து வந்ததுதான். அதைப் பிரிச்சு, சோதிச்சு, அளவு கண்டுபிடிக்க வருஷக்கணக்கா ஆச்சு. ஆய்வகத்துல கேன்சர் செல்லைக் கொல்லுற சத்து எத்தனையோ இலையில உண்டு. உடம்புக்குள்ள அது வேற எதைக் கொல்லும்னு தெரிய வேண்டாமா? உங்க கஷாயத்துக்கு என்ன அளவு?"

அன்றோடு கஷாயம் நின்றது. மெல்ல மெல்ல ஈரல் தேறியது, கீமோ தொடர்ந்தது, கட்டி கரைந்தது. இப்போது ஸ்கூல்!

திங்கட்கிழமை அவளை ஸ்கூல் வாசலில் இறக்கிவிடும்போது கேட்டேன். "கணக்கு டீச்சர் நீ... அளவு தெரியாத கஷாயத்தை ஏன் குடிச்சே?"

"அந்தக் கட்டி வந்ததுல இருந்து அவருக்கு உறக்கமே இல்லண்ணா. நான் கஷாயம் குடிக்கிற நேரம் மட்டுந்தான் அவரு முகத்துல பயம் இருக்காது."

கஷாயம் யாருடைய வியாதிக்கு என்று டாக்டரம்மா கேட்கவே இல்லையே!