மரத்தில் விழுந்த கோடு

மறுநாள் காலை அக்காவுக்குக் கழுத்தில் ஆபரேஷன். அவளோ தன் மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தையல் கடை வைத்திருப்பவள். அவள் பிடிவாதமும் இரட்டைத் தையல் போட்டது, லேசில் பிரியாது.

கட்டியை எடுக்கும்போது நரம்பில் பட்டுவிட்டால் குரல் போனாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் குரலிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவள் நான். அது இல்லாத வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது.

தாவரவியல் பூங்காவில் குளிருக்கு ஈ காக்கை இல்லை. குளத்துக்குப் பின்னால் அவளுடைய மரம் இலையெல்லாம் கொட்டி நின்றது. பலகையில் வாயில் நுழையாத பெயர். அக்கா வைத்தது மொட்டையன். குளிர்காலத்தில் மட்டும்தான் அதைப் பார்க்க வருவாள். இலை இருந்தால் மேலே துணி போர்த்தின மாதிரி, உள்தையல் தெரியாது என்பாள்.

கிட்டே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அடிமரத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு.

"வெட்டப் போறாங்கடி."

பூச்சிக்கு அடித்த மருந்தாக இருக்கும் என்றேன், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. முப்பது வருஷமாகக் கோடு போட்ட இடத்தில் கத்திரி வைத்தவளுக்குக் கோடு என்றால் ஒரே அர்த்தம்தான். கையுறையைக் கழற்றிவிட்டு ஈரப்பட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. இன்றைக்கென்று பார்த்தா இது கண்ணில் பட வேண்டும்?

நல்லவேளை, தள்ளுவண்டியோடு தோட்டக்காரர் வந்தார். பக்கத்து மரம் உளுத்துப்போய்விட்டதாம், அதைத்தான் சாய்க்கப் போகிறார்களாம்.

"கோடு போட்டது, இதுல கை வைக்கக் கூடாதுன்னுதாம்மா," என்றார்.

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் என் ஸ்வெட்டர் தோளில் நிற்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டா வாங்கினாய் என்று திட்டிக்கொண்டே வந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலை வார்டுக்கு வந்த டாக்டர் பேனாவை எடுத்து அவள் கழுத்தில் கோடு போட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வெட்டுறதுக்கா, விடுறதுக்கா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வெட்டுவதற்குத்தான் என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா மெல்லக் கையை விட்டாள். கடையில் புதிதாக வேலைக்கு வந்த பெண்ணிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"அப்ப கோட்டு மேலயே வெட்டுங்க. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போயிடாதீங்க."