படித்துக் காட்டிய பிறகே அச்சுக்கு

இராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த எங்கள் அண்ணன், ஆறு வயதில் அப்பாவோடு கப்பலேறிப் போர்ட் பிளேர் வந்தார். வழியெல்லாம் வாந்தி. எதையும் விழுங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அன்றே இல்லை.

அச்சகத்தில் பிழை திருத்தத் தொடங்கி, உள்ளூர் வார இதழில் பத்தி எழுத்தாளரானார். இரண்டு நூல்களும் எழுதினார். யாரைக் கண்டித்து எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன் அவரிடமே போய்ப் படித்துக் காட்டுவார். இதனால் ஷாதிபூரில் கன்னத்தில் ஓர் அறை வாங்கினார். புரோத்ராபூரில் ஒரு பல் போயிற்று.

கடற்கரை மணலை அள்ளி விற்ற காண்ட்ராக்டரிடமும் அப்படித்தான் போனார். அவர் முழுதும் கேட்டார்.

"ரெண்டு லாரின்னு தப்பா எழுதிருக்கீங்க சார். மூணு."

அண்ணன் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார். பேனாவை மூடியதும் காண்ட்ராக்டரின் ஆட்கள் அண்ணனின் வலது கையை மேசையில் அழுத்திப் பிடித்து, இரும்புக் குழாயால் அடித்தார்கள். ஐந்து விரல்களும் நொறுங்கின. கராச்சர்மா பேருந்து நிறுத்தத்தில் போட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் அந்த ஆட்களில் இருவர் மருத்துவமனைக்கு வந்தார்கள். படிக்கட்டில் விழுந்ததாகவும் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும் தட்டச்சிட்ட தாள்; கூடவே மைப்பெட்டி.

"இடது பெருவிரலை வைங்க பெரியவரே, பாத் கதம், விஷயம் முடிஞ்சுது."

"படிச்சவன் கைநாட்டு வைக்கலாமாடா? தம்பி, நீ சொல்லு."

நான் அப்போது தலைமைச் செயலகத்தில் பணியிலிருந்தேன். "கையெழுத்துப் போட முடியாத காரணத்தை அதிலேயே எழுதணும். கையை உடைச்சது யாருன்னும் எழுதணும். ரெண்டு சாட்சி வேணும்" என்றேன்.

ஒருவன் என் கழுத்தைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். மற்றவன் அண்ணனின் பெருவிரலை மையில் அழுத்தினான். அண்ணன் அவன் மணிக்கட்டைக் கடித்தார்; இரத்தம் வந்தும் விடவில்லை. கட்டிலருகே இருந்த அண்ணி குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியைத் தூக்கி அவன் மண்டையில் போட்டார். செவிலியர் கதவைச் சாத்திக் காவலர் வரும்வரை நின்றார்கள்.

என் நெற்றியில் இரத்தம் காயவில்லை. அண்ணன், "தாள் இருக்கா? முதல் பாராவை எழுது" என்றார். கட்டுரை அந்த வாரமே வெளிவந்தது. வழக்கு நடக்கிறது, காண்ட்ராக்டர் ஜாமீனில் நலமாக இருக்கிறார்.

அந்த விரல்கள் பிறகு பேனா பிடிக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் அவர் சொன்னார், நான் எழுதினேன். சென்ற ஆண்டு மார்வலி அவரைக் கொண்டுபோகும் வரை ஒரு வாரமும் தவறவில்லை.

அந்தச் செவிலியருக்கும், அண்ணனின் காரியத்தில் பந்தல் முதல் பந்தி வரை பார்த்துக்கொண்ட உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அரசு ஊழியர் பத்திரிகைக்கு எழுத முன் அனுமதி பெற வேண்டும். அலுவலகத்தில் அந்த விண்ணப்பப் படிவத்தை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தவன் நான். அண்ணனின் பத்தியை வாராவாரம் எழுதிக்கொண்டே, ஓய்வு பெறும்வரை எனக்கென்று ஒன்றை எடுக்கவில்லை.